கெட்ட செய்தி எத்தனை மாடி ஏறும்?

கரூர்க்காரர்களுக்கு இது தெரிந்த கதை. மற்றவர்களுக்காக ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். கையில் ஒரு டீ இருந்தால் நல்லது, நடுவில் கொஞ்சம் கணக்கு வரும்.

அமராவதிக் கரையில், நெசவும் கொசுவலையும் பஸ் பாடி கட்டுவதும் தொழிலாக உள்ள அந்த ஊரில் பத்து வருட இடைவெளியில் இரண்டு வங்கிகள் பிறந்தன. 1916-இல் எம்.ஏ. வெங்கடராம செட்டியாரும் ஆத்தி கிருஷ்ண செட்டியாரும் தொடங்கியது கரூர் வைஸ்யா வங்கி. 1926-இல் வி.எஸ்.என். ராமலிங்க செட்டியார் தலைமையில் ஏழு வியாபாரிகள் சேர்ந்து தொடங்கியது லட்சுமி விலாஸ் வங்கி. இரண்டும் ஊர் வியாபாரிகளின் பணத்தில், ஊர் வியாபாரிகளுக்காக வந்தவை. ஒரே மாதிரி ஆட்களுக்கு ஒரே மாதிரி கடன் கொடுத்து வளர்ந்தவை. உலகப் பெருமந்தம், போர், சுதந்திரம், 1969-இன் வங்கி தேசியமயம் எல்லாவற்றையும் இரண்டும் தாண்டி வந்தன.

2020-இல் கொரோனா வந்தது. இரண்டு வங்கிகளின் வாடிக்கையாளர்களும் ஒரே நாளில் கடையைப் பூட்டினார்கள். அந்த வருடம் நவம்பர் 17-ஆம் தேதி லட்சுமி விலாஸ் வங்கிக்கு மத்திய அரசு மொரட்டோரியம் அறிவித்தது. ஒரு மாதத்துக்கு எந்த டெபாசிட்தாரரும் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்றது உத்தரவு. பத்தே நாளில், 27-ஆம் தேதி, சிங்கப்பூர் டி.பி.எஸ். குழுமத்தின் இந்திய வங்கியோடு அது இணைக்கப்பட்டது. டெபாசிட் போட்டிருந்த சுமார் 20 லட்சம் பேரின் பணம் தப்பியது. பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒரு பைசாகூட வரவில்லை. கரூர் வைஸ்யா வங்கி அதே நிதியாண்டை லாபத்தோடு முடித்தது.

ஒரே ஊர், ஒரே தொழில், ஒரே கொரோனா. முடிவு மட்டும் ஏன் வேறு?

ரிசர்வ் வங்கி அன்று வெளியிட்ட அறிக்கையிலேயே பதிலின் முக்கியமான பகுதி இருக்கிறது. மூன்று ஆண்டுகளாகத் தொடர் நஷ்டம் என்று சொல்லிவிட்டு, சமீப ஆண்டுகளில் வங்கியின் நிர்வாகத்தில் கடுமையான குறைபாடுகள் இருந்தன, அவைதான் வங்கியின் செயல்பாட்டைச் சீரழித்தன என்றும் சொன்னது. ரிசர்வ் வங்கி பெரும்பாலும் சுற்றிவளைத்துப் பேசும் அமைப்பு. அது இவ்வளவு நேராகச் சொன்னதைக் கவனிக்க வேண்டும்.

கார்ப்பரேட் கவர்னன்ஸ் என்று பத்திரிகைகள் எழுதுவது இதைத்தான். ஒரு நிறுவனத்தில் யார் முடிவெடுக்கிறார்கள், அவர்களை யார் கேள்வி கேட்கிறார்கள், தப்பு நடந்தால் அது யார் காதுக்கு எப்போது போகிறது. இந்த மூன்றில் முதல் இரண்டைப் பற்றித்தான் சட்டங்கள் அதிகம் பேசுகின்றன. நெருக்கடி வந்தால் கம்பெனியைக் காப்பாற்றுவதும் கவிழ்ப்பதும் மூன்றாவதுதான் என்பது என் எண்ணம். கடன் வாங்கியவர் தவணை கட்டவில்லை என்பது முதலில் கிளை மேலாளருக்குத் தெரியும். அங்கிருந்து மண்டல அலுவலகம், தலைமை அலுவலகம், எம்.டி., தணிக்கைக் குழு, போர்டு என்று அந்தச் செய்தி ஏற வேண்டும். ஒவ்வொரு மாடியிலும் அதை அங்கேயே நிறுத்திவைக்க ஒருவருக்குக் காரணம் இருக்கும். இந்தக் காலாண்டு போகட்டும், பதவி உயர்வு வரட்டும், பங்கு வெளியீடு முடியட்டும் என்பார்கள். தடையில்லாமல் மேலே வர வழி இருக்கும் கம்பெனியில் கெட்ட செய்தி சின்னதாக இருக்கும்போதே போர்டுக்கு வந்துவிடும். மற்ற இடங்களில் அது வந்து சேரும்போது மருந்து வாங்கக் காசு இருக்காது.

இப்போது அந்தக் கணக்கு. ஒரு வங்கி 100 ரூபாய் கடன் கொடுக்கிறது என்றால், அதில் பெரும்பகுதி உங்களையும் என்னையும் போன்றவர்களின் டெபாசிட். பங்குதாரர்களின் சொந்தப் பணம் ஒரு சிறு பகுதிதான். கடன் திரும்பி வராவிட்டால் முதல் அடி இந்தச் சொந்தப் பணத்துக்கு. அது தீர்ந்த பிறகுதான் டெபாசிட்டில் கை வைக்க வேண்டி வரும். எனவே அந்தச் சொந்தப் பணம் இவ்வளவுக்குக் குறையக் கூடாது என்று ரிசர்வ் வங்கி ஒரு கோடு போட்டிருக்கிறது. மூலதனப் போதுமை விகிதம் என்று அதற்குப் பெயர். கடனின் அபாயத்துக்கு ஏற்ப எடை போட்டு அதைக் கணக்கிடுவார்கள், அந்த நுணுக்கம் இங்கே வேண்டாம். 9 சதவீதம் அடிமட்டம், அதற்கு மேல் ஒரு பாதுகாப்பு அடுக்கும் வேண்டும் என்று நினைவில் வைத்தால் போதும்.

லட்சுமி விலாஸ் வங்கியின் விகிதம் 2019 மார்ச்சில் 7.72 சதவீதம். 2020 மார்ச்சில் 1.12 சதவீதம். அதே ஆண்டு செப்டம்பரில் பூஜ்யத்துக்குக் கீழே, மைனஸ் 2.85. நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கியது 2020 மார்ச் 25-ஆம் தேதி. அதாவது கொரோனா கதவைத் தட்டியபோது பாதுகாப்புப் பணம் ஏறக்குறைய முழுவதும் போயிருந்தது. நூறு ரூபாய் கடனில் 25 ரூபாய் வாராக்கடன் ஆகியிருந்தது. கொரோனா இந்த வங்கியைக் கொல்லவில்லை. ஏற்கெனவே எழுந்து நிற்க முடியாதிருந்த வங்கி அது.

அதே 2020 மார்ச்சில் கரூர் வைஸ்யா வங்கியின் விகிதம் 17 சதவீதத்துக்கு மேல்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கரூர் வைஸ்யாவை நான் உத்தமனாக்கிக் காட்ட வரவில்லை. அவர்களும் பெருநிறுவனக் கடன்களில் கை சுட்டுக்கொண்டவர்கள்தான். 2020 மார்ச்சில் அவர்களின் மொத்த வாராக்கடன் 8.68 சதவீதம். அது எந்த வங்கிக்கும் பெருமையான எண் இல்லை. 2016-17-இல் 600 கோடியைத் தாண்டியிருந்த ஆண்டு லாபம் மூன்றே வருடத்தில் 235 கோடிக்கு இறங்கியது. போதாததற்கு 2020 ஜனவரியில் அவர்களின் எம்.டி. பதவி விலகினார், புதிய எம்.டி. வர ஜூலை கடைசி ஆகிவிட்டது. நிரந்தர எம்.டி. இல்லாத அந்த மாதங்களில்தான் ஊரடங்கே வந்தது. ஆனால் கெட்ட கடனைக் கெட்ட கடன் என்று வருடா வருடம் ஒப்புக்கொண்டு, லாபத்திலிருந்து ஒதுக்கி, அதற்கு மேலும் மூலதனத்தைக் கையில் வைத்திருந்தார்கள். அதனால் நிரந்தர எம்.டி. இல்லாமலும் வங்கி ஓடியது. ஒழுங்கான நிர்வாகம் கம்பெனிக்குப் புயலில் என்ன தருகிறது என்று கேட்டால், அவகாசம் தருகிறது என்பேன். தப்பைத் திருத்திக்கொள்ள அவகாசம். 2025 மார்ச்சில் அவர்களின் மொத்த வாராக்கடன் ஒரு சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது.

லட்சுமி விலாஸ் வங்கி அந்த அவகாசத்தை எங்கே தொலைத்தது? ஒரே ஒரு கணக்கை மட்டும் கிட்டப் போய்ப் பார்ப்போம், ஏனென்றால் வழக்கமான வங்கி வேலைதான் அது, நாம் எல்லோரும் அறிந்த வேலை.

நம் வீட்டில் யாராவது ஃபிக்ஸட் டெபாசிட் ரசீதைக் காட்டிக் கடன் வாங்கியிருப்பார்கள். வங்கியில் ரசீதின் பின்னால் கையெழுத்து வாங்குவார்கள், கணக்கில் உரிமைப் பிடிப்பு குறிப்பார்கள், கடன் கட்டாவிட்டால் டெபாசிட்டிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். வங்கிக்கு இதைவிடப் பத்திரமான கடன் இல்லை. அதே டெபாசிட் வேறொருவருடையதாக இருந்தால் ஒரு படி கூடுதலாக வேண்டும்: பணத்தின் சொந்தக்காரர் தெளிவாகச் சம்மதம் எழுதித் தர வேண்டும். அவர் ஒரு கம்பெனி என்றால் அந்தக் கம்பெனியின் போர்டு தீர்மானம் வேண்டும்.

ரெலிகேர் ஃபின்வெஸ்ட் என்ற நிறுவனம் 2016 இறுதியிலும் 2017 தொடக்கத்திலும் இந்த வங்கியில் சுமார் 794 கோடி ரூபாய்க்கு டெபாசிட் வைத்தது. ரான்பாக்ஸியின் முன்னாள் உரிமையாளர்களான மல்விந்தர் சிங், ஷிவிந்தர் சிங் சகோதரர்களின் இரண்டு முதலீட்டு நிறுவனங்களுக்கு வங்கி சுமார் 720 கோடி கடன் கொடுத்தது. கடன் திரும்பி வராதபோது ரெலிகேரின் டெபாசிட்டிலிருந்து வங்கி எடுத்துக்கொண்டது. எங்கள் பணத்தை அடமானமாக வைக்க நாங்கள் அனுமதியே தரவில்லை என்று ரெலிகேர் 2018-இல் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2019 செப்டம்பரில் தில்லி போலீஸின் பொருளாதாரக் குற்றப் பிரிவு வங்கியின் இயக்குநர் குழு மீதே வழக்குப் பதிந்தது. யார் குற்றவாளி என்பது நீதிமன்றத்தின் வேலை, அதற்குள் நான் போகவில்லை.

போர்டு ரூமில் எழுந்திருக்க வேண்டிய கேள்வியைப் பற்றி மட்டும் பேசுகிறேன். கரூரில் ஜவுளிக்காரருக்கும் சிறுதொழில்காரருக்கும் கடன் கொடுத்து வளர்ந்த நடுத்தர வங்கி, தில்லியில் ஒரு குடும்பத்தின் இரண்டு கம்பெனிகளுக்கு 720 கோடி கொடுக்கிறது. ஈடாக இருப்பது மூன்றாவது ஒரு கம்பெனியின் டெபாசிட். இவ்வளவு பணம் கையில் வைத்திருக்கும் அந்தக் கம்பெனி ஏன் நேராகவே கடன் கொடுக்கவில்லை? நடுவில் நாம் எதற்கு? வட்டி வித்தியாசத்தில் நமக்குக் கிடைக்கும் லாபம், விஷயம் கோர்ட்டுக்குப் போனால் வரும் தலைவலிக்கு ஈடாகுமா? சம்மதக் கடிதத்தை நம் சட்டப் பிரிவு பார்த்ததா, யார் கையெழுத்து? இவற்றைக் கேட்கப் பெரிய நிதிப் படிப்பு தேவையில்லை. கடைத்தெருவில் கைமாற்று கொடுப்பவர்கூடக் கேட்பார்.

அதன் பின் நடந்தது எல்லாம் சரிவில் உருண்ட வண்டி. 2017 இறுதியில் வங்கி உரிமைப் பங்கு வெளியிட்டு, ஒரு பங்கு 122 ரூபாய் என்று ஏற்கெனவே இருந்த பங்குதாரர்களிடமே சுமார் 787 கோடி திரட்டியது. கொடுத்த பணம் அடுத்த இரண்டு வருட நஷ்டத்தில் கரைந்தது: 2017-18-இல் 585 கோடி, 2018-19-இல் 894 கோடி. 2019-இல் மீண்டும் பணம் தேவைப்பட்டது. இந்தியாபுல்ஸ் ஹவுசிங் ஃபைனான்ஸோடு இணைவதாக ஏப்ரலில் அறிவித்தார்கள். செப்டம்பரில் ரிசர்வ் வங்கி இந்த வங்கியை உடனடித் திருத்த நடவடிக்கையின் கீழ் கொண்டுவந்து கடன் கொடுப்பதைக் கட்டுப்படுத்தியது, அக்டோபரில் அந்த இணைப்பையும் நிராகரித்தது. 2020-இல் கிளிக்ஸ் கேபிடல் என்ற நிதி நிறுவனத்தோடு இணைப்புப் பேச்சு நடந்தது, முடியவில்லை.

நல்ல நிர்வாகத்துக்கும் கம்பெனியின் லாபத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்கு இதுதான் என் பதில். நல்ல காலத்தில் தொடர்பு கண்ணுக்குத் தெரியாது. கெட்ட காலத்தில் எல்லாக் கம்பெனியும் வெளியே பணம் கேட்டுப் போகும். அப்போது பணம் வைத்திருப்பவர் பார்ப்பது ஒன்றைத்தான்: இவர்கள் காட்டும் கணக்கை நம்பலாமா? நம்பினால் 9 சதவீத வட்டிக்குக் கிடைக்கும். சந்தேகம் என்றால் 14 கேட்பார். நம்பவே முடியாது என்றால் எந்த வட்டிக்கும் கிடைக்காது.

2020 செப்டம்பர் 25-இல் நடந்தது இந்தியக் கம்பெனி வரலாற்றில் அபூர்வமான காட்சி. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எம்.டி. உட்பட ஏழு இயக்குநர்களைப் பங்குதாரர்கள் ஓட்டுப் போட்டு வெளியேற்றினார்கள். ஆடிட்டரின் மறுநியமனத்தையும் நிராகரித்தார்கள். தினசரி வேலையைப் பார்க்க, மீதா மக்கான் தலைமையில் மூன்று சுயேச்சை இயக்குநர்களின் குழுவை ரிசர்வ் வங்கி ஏற்படுத்தியது. பங்குதாரர்கள் செய்தது சரிதான், அவர்களுக்கு உள்ள ஒரே ஆயுதம் அதுதான். ஆனால் எட்டு வாரத்தில் மொரட்டோரியம் வந்துவிட்டது. மூன்று வருடம் முன்பு, 122 ரூபாய் கொடுப்பதற்கு முன், அந்த ஓட்டு விழுந்திருந்தால் கரூரில் இன்று இரண்டு வங்கிகள் இருந்திருக்கும் என்றே நம்புகிறேன்.

இன்னொரு டீ சொல்லிக்கொள்ளுங்கள், அடுத்தது ஹைதராபாத்.

பெரிய மனிதர்களைப் போர்டில் உட்காரவைத்தால் இதெல்லாம் நடக்காது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஐ.டி. கம்பெனியான சத்யம் கம்ப்யூட்டர்ஸ் போர்டில் 2008-இல் யார் யார் இருந்தார்கள் தெரியுமா? ஹார்வர்டு பேராசிரியர் கிருஷ்ணா பலேபு, ஹைதராபாத் ஐ.எஸ்.பி.யின் டீன் ராம்மோகன் ராவ், இன்டெல்லின் பென்டியம் சிப்போடு பெயர் சேர்த்துப் பேசப்படும் வினோத் தாம், முன்னாள் கேபினட் செயலர் டி.ஆர். பிரசாத், தில்லி ஐ.ஐ.டி.யின் முன்னாள் இயக்குநர் வி.எஸ். ராஜு. அந்த வருடம் செப்டம்பரில் நல்ல நிர்வாகத்துக்கான கோல்டன் பீகாக் விருதும் சத்யத்துக்குக் கிடைத்தது. தலைவர் ராமலிங்க ராஜு தொடங்கிய அவசர மருத்துவ அமைப்புதான் 2008-இல் தமிழ்நாட்டிலும் 108 ஆம்புலன்ஸை ஓட்டத் தொடங்கியது. அந்தச் சேவையால் பிழைத்தவர்கள் இதைப் படிக்கிறவர்களிலும் இருப்பீர்கள். நல்ல காரியம் செய்பவர் கணக்கையும் நேர்மையாக வைத்திருப்பார் என்று எல்லோருமே நம்பினோம்.

2008 டிசம்பர் 16-ஆம் தேதி போர்டு கூடியது. ராஜு குடும்பத்தின் இரண்டு மேடாஸ் நிறுவனங்களை, ஒன்று மனை வணிகம், ஒன்று கட்டுமானம், 160 கோடி டாலருக்கு சத்யம் வாங்கிக்கொள்ளலாம் என்று ஒப்புதல் கொடுத்தது. ஐ.டி. கம்பெனிக்கு மனை எதற்கு என்று முதலீட்டாளர்கள் கொதித்தார்கள், அமெரிக்கச் சந்தையில் பங்கு பாதிக்கு மேல் விழுந்தது, ஒரே இரவில் திட்டம் கைவிடப்பட்டது. மூன்று வாரம் கழித்து, 2009 ஜனவரி 7-இல், ராஜு போர்டுக்கு எழுதிய கடிதம் வெளியானது. வங்கியில் 5,361 கோடி ரொக்கம் இருப்பதாகக் காட்டியதில் 5,040 கோடி இல்லவே இல்லை என்றது கடிதம். செப்டம்பர் காலாண்டின் வருமானம் 2,700 கோடி என்று காட்டியிருந்தார்கள், உண்மை 2,112 கோடி. லாப விகிதம் 24 சதவீதம் என்று காட்டியது, உண்மையில் 3. மேடாஸை வாங்கச் சொன்னதே இல்லாத ரொக்கத்தின் இடத்தில் இருக்கும் சொத்தை வைத்து ஓட்டையை அடைக்கத்தான் என்றும் அவரே எழுதினார். புலிமேல் ஏறியவன் இறங்க முடியாத நிலை என்று தன் நிலையைச் சொன்னார். அன்று ஒரே நாளில் பங்கு விலை கிட்டத்தட்ட 78 சதவீதம் சரிந்தது.

டிசம்பர் 16 கூட்டத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசிப்பேன். அறையில் அறிவுக்குக் குறைவில்லை. ஆனால் அவர்கள் கையில் இருந்த தகவல் அத்தனையும் ராஜுவின் அலுவலகத்திலிருந்து வந்தது. தகவல் வர வேறு வழியே இல்லாத அறையில் எத்தனை மேதைகள் இருந்து என்ன பயன்?

ஆடிட்டர் அந்த வேறு வழியாக இருந்திருக்க வேண்டும். வங்கியில் பணம் இருக்கிறதா என்று பார்ப்பது தணிக்கையில் எளிமையான வேலை. இன்ன தேதியில் இந்தக் கம்பெனியின் பேரில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டு ஆடிட்டரே வங்கிக்குக் கடிதம் அனுப்ப வேண்டும், வங்கியின் பதில் நேராக ஆடிட்டர் கைக்கே வர வேண்டும். நடுவில் கம்பெனி ஆள் தொடக் கூடாது. சத்யத்தில் இந்தக் கடிதப் போக்குவரத்தைக் கம்பெனி நிர்வாகத்தின் கையிலேயே விட்டுவிட்டார்கள் என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2011-இல் கண்டறிந்து, தணிக்கை செய்த பிரைஸ் வாட்டர்ஹவுஸின் இந்திய நிறுவனங்களுக்கு 60 லட்சம் டாலர் அபராதம் போட்டது. பல ஆயிரம் கோடிப் பொய் நின்றது ஒரு தபால் யார் கை வழியாகப் போகிறது என்பதில்.

சத்யத்தை நான் முக்கியமாக நினைப்பது வேறு காரணத்துக்காக. அங்கே விழுந்ததும் எழுந்ததும் ஒரே கம்பெனி. பழைய போர்டைக் கலைத்த அரசு ஜனவரி 11-இல் தீபக் பாரேக், கிரண் கார்னிக், சி. அச்சுதன் ஆகியோரை நியமித்தது. சில நாளில் தருண் தாஸ், எஸ்.பி. மைனாக், தமிழ்நாட்டு ஆடிட்டரும் இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகத்தின் முன்னாள் தலைவருமான டி.என். மனோகரன் ஆகியோர் சேர்ந்தார்கள். அதே கட்டடம், அதே ஊழியர்கள், பெரும்பாலும் அதே வாடிக்கையாளர்கள். உலகமே 2008-இன் நிதி நெருக்கடியில் தள்ளாடிக்கொண்டிருந்தது. மாறியது போர்டு மட்டும்தான்.

அவர்கள் செய்ததில் மாயம் எதுவும் இல்லை. உண்மையான கணக்கு என்ன என்று பார்க்க கே.பி.எம்.ஜி.யையும் டெலாய்ட்டையும் அமர்த்தினார்கள். அரசுப் பணம் கேட்காமல் வங்கிகளிடம் கடன் ஏற்பாடு செய்து சம்பளம் போட்டார்கள். உள்ளேயே இருந்த ஏ.எஸ். மூர்த்தியை பிப்ரவரியில் தலைமை அதிகாரியாக்கினார்கள். வெளிப்படையாக ஏலம் நடத்தினார்கள். ஏப்ரல் 13-இல் டெக் மஹிந்திரா பங்குக்கு 58 ரூபாய் கேட்டு வென்றது, எல் அண்ட் டி கேட்டது 45.90. மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. முழுத் தணிக்கை முடியாத கணக்கை நம்பி ஒருவர் 58 ரூபாய் கொடுக்கத் துணிந்தார் என்றால், அதைச் சொன்னவர்கள் மேல் இருந்த நம்பிக்கையே காரணம்.

2020 நவம்பரில் லட்சுமி விலாஸ் வங்கிக்கு ரிசர்வ் வங்கி நியமித்த நிர்வாகியும் இதே மனோகரன்தான். அந்தப் பெயரைப் பார்த்ததும் சத்யம் போலவே இதுவும் பிழைத்துவிடும் என்று பங்குதாரர்கள் பலர் நம்பியிருக்கக்கூடும். இந்த முறை அவருக்குக் கிடைத்தது பத்து நாள். சத்யத்தில் ரொக்கம் பொய், ஆனால் நாளைக் காலை வேலைக்கு வரும் பொறியாளர்களும் அவர்களுக்குச் சம்பளம் வர வைக்கும் வாடிக்கையாளர்களும் நிஜம். அங்கே விற்க ஒரு தொழில் இருந்தது. வங்கிக்கோ நம்பிக்கைதான் சரக்கு, மூலதனம் மைனஸுக்குப் போனபின் விற்க மீதம் இல்லை. டி.பி.எஸ். 2,500 கோடி கொண்டுவந்து போட வேண்டியிருந்தது. பங்கு மட்டுமல்ல, 318 கோடி ரூபாய்க் கடன் பத்திரங்களும் அழிக்கப்பட்டன. புதிய போர்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அது வரும் நேரத்தில் கம்பெனிக்குள் ஏதாவது மிச்சம் இருக்க வேண்டும்.

ஆய்வாளர்கள் இதை நிறையவே அளந்து பார்த்திருக்கிறார்கள். 1997 ஆசிய நிதி நெருக்கடியின்போது இந்தோனேசியா, கொரியா, மலேசியா, பிலிப்பைன்ஸ், தாய்லாந்து நாடுகளின் 398 நிறுவனங்களை டாட் மிட்டன் ஆராய்ந்தார். கணக்கைத் தெளிவாக வெளியிட்ட நிறுவனங்களின் பங்குகள் குறைவாக விழுந்தன என்பது அவர் 2002-இல் வெளியிட்ட முடிவுகளில் ஒன்று. இதுவரை சொன்னதோடு இது ஒத்துப்போகிறது. ஆனால் 2008 நெருக்கடியில் 30 நாடுகளின் 296 நிதி நிறுவனங்களைப் பார்த்த எர்கன்ஸ், ஹங், மாடோஸ் மூவருக்கும் கிடைத்தது நேரெதிர். சுயேச்சை இயக்குநர்கள் அதிகமுள்ள நிறுவனங்களின் பங்குகள் கூடுதலாக விழுந்தன. அப்படிப்பட்ட போர்டுகள் நெருக்கடி நடுவிலேயே புதுப் பங்கு வெளியிட்டு மூலதனம் சேர்த்தன, அதனால் பழைய பங்குதாரரின் செல்வம் கடன் கொடுத்தவர்கள் பக்கம் போனது என்பது அவர்கள் தரும் விளக்கங்களில் ஒன்று.

எனக்கு இந்த இரண்டாவது முடிவு மிகவும் பிடிக்கும். பங்கு விலை விழுந்தது என்பதை மட்டும் பார்த்துவிட்டு, நல்ல நிர்வாகத்தால் பயனில்லை என்று சொல்லிவிடலாம். டெபாசிட் போட்டவர், பத்திரம் வாங்கியவர், சம்பளம் வாங்குபவர் கண்ணால் பார்த்தால் புதுப் பங்கு வெளியிட்ட அதே முடிவு கம்பெனி நிற்கக் காரணமாக இருந்திருக்கலாம். ஒரு போர்டு யாருக்காக வேலை செய்கிறது என்ற கேள்விக்கு நெருக்கடி நேரத்தில் ஒரே பதில் இருப்பதில்லை. பங்குதாரருக்கு இன்று வலிப்பதைச் செய்து கம்பெனியை நாளைக்கு வைத்திருப்பதும் நிர்வாகம்தான் என்பது என் கட்சி.

சத்யத்துக்குப் பின் சட்டம் நிறைய மாறியது. 2013 கம்பெனிகள் சட்டத்தின்படி பட்டியலிட்ட கம்பெனிக்கு ஒரே ஆடிட்டர் நிறுவனம் தொடர்ந்து பத்து வருடத்துக்கு மேல் இருக்க முடியாது. ஆடிட்டர்களைக் கண்காணிக்க 2018-இல் தேசிய நிதி அறிக்கை ஆணையம் வந்தது. இவை இருந்தும் 2020-இல் லட்சுமி விலாஸ் வங்கி போனது என்பதையும் மறக்கக் கூடாது.

பங்கு வைத்திருக்கும் சாதாரண மனிதர் என்ன பார்க்கலாம்? எனக்கு முதலில் கண் போவது யார் வெளியேறுகிறார்கள் என்பதில்தான். பதவிக்காலம் முடியும் முன் எம்.டி. போகிறார், நிதி அதிகாரி போகிறார், ஆடிட்டர் நடுவில் ராஜினாமா செய்கிறார் என்றால், மாடியில் எங்கோ ஒரு கெட்ட செய்தி நிற்கிறது என்று சந்தேகப்படலாம். கரூர் வைஸ்யாவைப் போல விதிவிலக்கும் உண்டு, அதனால் கூடவே மூலதனத்தையும் கடனையும் பார்க்க வேண்டும். அடுத்து புரமோட்டர் தன் பங்குகளை அடமானம் வைத்திருக்கிறாரா என்பது. ராஜுவின் பங்குகளை அடமானமாக வைத்திருந்தவர்கள் 2008 டிசம்பர் கடைசியில் விற்கத் தொடங்கியபோதுதான் வெளியில் இருந்தவர்களுக்கு அப்படி ஒரு அடமானம் இருப்பதே தெரிந்தது. அதற்குப் பிறகு, 2009 ஜனவரியில், பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி அந்த விவரத்தை வெளியிடுவதைக் கட்டாயமாக்கியது. இன்று ஒவ்வொரு காலாண்டும் பங்குச் சந்தை இணையதளத்தில் பங்கு வைத்திருப்போர் பட்டியலிலேயே அந்த எண் இருக்கிறது.

பிறகு ஆண்டுப் பொதுக்கூட்ட (ஏ.ஜி.எம்.) நோட்டீஸ். கூட்டத்துக்கு 21 நாள் முன்பாக மின்னஞ்சலில் வரும். நாம் திறப்பதில்லை. அதில் எந்த இயக்குநரை மீண்டும் நியமிக்கிறார்கள், ஆடிட்டர் யார், புரமோட்டரின் சொந்த நிறுவனங்களோடு என்ன கொடுக்கல் வாங்கல் என்பது தீர்மானம் தீர்மானமாக இருக்கும். வீட்டிலிருந்தே போனில் ஓட்டுப் போடலாம். குறைந்தது மூன்று நாள் திறந்திருக்கும், கூட்டத்துக்கு முந்தைய நாள் மாலை ஐந்து மணிக்கு மூடும். யார் எவ்வளவு எதிர்த்தார்கள் என்ற கணக்கைக் கம்பெனி இரண்டு வேலை நாளில் பங்குச் சந்தைக்குத் தந்தாக வேண்டும். ஒரு இயக்குநருக்கு எதிராக இருபது, முப்பது சதவீதம் ஓட்டு விழுந்தால் அவர் தோற்காமல் போகலாம், ஆனால் அடுத்த போர்டு கூட்டத்தில் அந்த எண்ணை வைத்துக்கொண்டுதான் எல்லோரும் உட்கார வேண்டும்.